நானூறு பேருக்குத்தான் இடம்

"பொறுப்பான சுற்றுலா" என்ற சொல்லோடு எங்களுக்கு ஒரு சண்டை இருக்கிறது. இன்ஸ்டகிராமில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் பொருட்களின் பட்டியல்தான். மூங்கில் பிரஷ், துணிப்பை, கடலுக்குத் தீங்கு செய்யாத சன் கிரீம், திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய தண்ணிப் போத்தல். இதையெல்லாம் வாங்கி ஒரு பைக்குள் அடுக்கினால் நீங்கள் பொறுப்பான ஆள். பிறகு எங்கேயும் போகலாம், எப்பவும் போகலாம், எத்தனை பேரோடும் போகலாம்.

நாங்கள் இதை ஏற்கவில்லை. ஒரு சின்னக் கடற்கரைக்குப் பொறுப்போடு போவது என்றால், அது நிரம்பி வழிகிற நாளில் அங்கே போகாமல் விடுவதுதான் முதல் வேலை. போத்தலும் பையும் அதற்குப் பிறகுதான். இந்த முதல் வேலையைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கிறதில்லை. போகாமல் இருப்பதை வைத்து ஒரு பொருளையும் விற்க ஏலாதே.

இதை இப்போது ஏன் எழுதுகிறோம்? பிரான்ஸில் இருக்கிற எங்கட மச்சான்மாரும் மச்சாள்மாரும் ஓகஸ்ட் லீவு வந்தால் தெற்கே இறங்குகிறார்கள். பாரிஸில் ரயில் ஏறினால் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, மார்செய் வந்துவிடும். அங்கிருந்து குடும்ப வட்ஸ்அப் குழுக்களுக்குப் படங்கள் வந்து கொட்டும். வெள்ளை மலை, பச்சையும் நீலமும் கலந்த தண்ணி, கீழே "ஒருத்தருக்கும் தெரியாத இடம், கட்டாயம் வாங்கோ" என்று ஒரு வரி. அந்த "ஒருத்தருக்கும் தெரியாத இடம்" பெரும்பாலும் கலாங்க் குடாக்களில் ஒன்றாக இருக்கும். படத்தின் ஓரத்தில் வெட்டி விடப்பட்ட நூற்றுக்கணக்கான ஆட்கள் எங்களுக்குத் தெரியமாட்டார்கள்.

முதலில் அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லிவிடுகிறோம். மார்செய் நகரத்துக்கும் கஸ்ஸி என்ற சின்னத் துறைமுக ஊருக்கும் இடையில் சுண்ணாம்புக்கல் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அந்த மலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வருகிற ஒடுங்கிய குடாக்களைத்தான் கலாங்க் என்கிறார்கள். சோர்மியு, மோர்ஜியு, சுஜித்தோன், ஆன்வோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இவை காய்ந்த பள்ளத்தாக்குகள். மோர்ஜியுவுக்குப் பக்கத்தில் ஹென்றி கொஸ்கே என்ற சுழியோடி கண்டுபிடித்து 1991இல் வெளியுலகுக்கு அறிவித்த குகையின் வாசல் இன்று 37 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் உள்ளே கற்கால மனிதர் வரைந்த குதிரைகள் இருக்கின்றன. அவர்கள் அங்கே நடந்துதான் போயிருக்கிறார்கள்.

இப்படியான குடாவின் வடிவு எதில் இருக்கிறதோ, அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. மூன்று பக்கமும் மலை. காற்றுக்கும் பெரிய அலைக்கும் மறைவு. அதனால்தான் தண்ணி கண்ணாடி மாதிரி நிற்கிறது. ஆனால் மத்தியதரைக் கடலில் வற்றும் பெருக்கும் மிகச் சொற்பம். நாளுக்கு இரண்டு தரம் வந்து கழுவிக்கொண்டு போகிற கடல் இல்லை அது. நாங்கள் அங்கே விட்டதில் கனக்க அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். கரையும் நீளமான கரை இல்லை. சில இடங்களில் ஐம்பது பேர் துவாய் விரித்தால் கால் வைக்க இடம் இல்லை.

சுஜித்தோனை எடுத்துக்கொள்ளுவம். லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் அளவு நடந்து இறங்கலாம். லேசாகப் போகக்கூடிய இடம் என்பதால் கோடைகாலத்தில் ஒரே நாளில் 2500 பேர் வரை வந்தார்கள். எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. கனபேர் தங்கட குப்பையைத் தாங்களே திரும்பக் கொண்டுபோயிருப்பார்கள். ஆனாலும் இடம் அழிந்தது. என்ன காரணம்? கால். வெறும் கால்தான். சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிற மண் மிக மெல்லியது. ஆயிரக்கணக்கான சப்பாத்துகள் நாள்தோறும் மிதித்தால் அந்த மண் கழன்று உருண்டு போய்விடும். பைன் மரங்களின் வேர்கள் வெளியில் வந்துவிட்டன. புதுக் கன்று முளைக்க இடமில்லை. பழைய மரம் பட்டால் அதன் இடத்துக்கு அடுத்த மரம் வராது. நிழலுக்காகத்தான் ஆட்கள் அந்த மரத்துக்குக் கீழே போய் இருக்கிறார்கள், அந்த நிழலையே மிதித்து அழிக்கிறார்கள்.

2012இல் உருவான கலாங்க் தேசியப் பூங்கா, 2022 கோடையில் ஒரு முடிவு எடுத்தது. சுஜித்தோனுக்குக் கோடையின் நெரிசலான நாட்களில் 400 பேர் மட்டும். முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும். பதிவு இலவசம். பதியாமல் போய்ப் பிடிபட்டால் 68 யூரோ தண்டம்.

உடனே கூச்சல் எழும்பியது. இன்றைக்கும் எங்கட வயதுக்காரர் பலர் அதே கூச்சலைத்தான் போடுகிறார்கள்: "இயற்கை எல்லாருக்கும் பொது. கடலுக்குப் போக அனுமதி கேட்கவேண்டுமா?"

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பொது என்பதன் அர்த்தம் என்ன? ஊர்க் கிணறு பொது. அதற்காக ஒருவர் பம்ப் பூட்டி முழுத் தண்ணியையும் இறைத்தால் ஊர் பார்த்துக்கொண்டு இருக்குமா? பொதுவான ஒன்றுக்கு முறை வேண்டும். முறை இல்லாத இடத்தில் வசதி உள்ளவர், வாகனம் உள்ளவர், விடியவே எழும்பி முதல் வந்து இடம் பிடிக்கிறவர்தான் வெல்லுவார். பிந்தி வருகிறவருக்கு மிதிபட்ட மண்ணும் வேரும் மிஞ்சும். அடுத்த தலைமுறைக்கு அதுவும் மிஞ்சாது.

இன்னொரு விஷயம். ஆட்களைக் குறைப்பதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று காசு, மற்றது எண்ணிக்கை. இத்தாலியின் சார்டினியாவில் காலா கொலொரிட்சே என்ற குடாவுக்கு ஒரு நாளைக்கு 250 பேர், அதோடு ஆளுக்குச் சில யூரோ கட்டணம். அதே தீவின் லா பெலோசா கடற்கரைக்கு 1500 பேர், கட்டணம் மூன்றரை யூரோ. தொகை சின்னதுதான், ஆனால் காசு என்கிற வாசலைத் திறந்துவிட்டால் அது நாளைக்குப் பத்தாகும், பிறகு முப்பதாகும். சுஜித்தோனில் காசு இல்லை. துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஹோட்டல் முதலாளியின் பிள்ளைக்கும் ஒரே வரிசை. "சமத்துவம்" என்று கத்துகிறவர்கள் உண்மையில் இந்த வரிசையைத்தான் ஆதரிக்கவேண்டும்.

அந்த வரிசையும் குறையில்லாதது என்று நாங்கள் சொல்லவில்லை. மார்செயின் வடக்குப் பக்க அடுக்குமாடிகளில் அல்ஜீரியாவிலிருந்தும் கொமோரோஸ் தீவுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய வாழுகின்றன. லீவுக்கு வேறு ஊர் போக அவர்களில் கனபேருக்கு வசதி இல்லை. நகர பஸ்ஸில் ஏறிப் போகக்கூடிய கடல்தான் அவர்களின் விடுமுறை. காலையில் எழும்பி "இண்டைக்குக் கடலுக்குப் போவம்" என்று முடிவெடுக்கிற பெடியனைவிட, நாட்கணக்கில் முன்னுக்குத் திட்டம் போடுகிற சுற்றுலாப் பயணிக்குத்தான் இணையப் பதிவு வசதி. அதனால் அந்த 400இல் ஒரு பங்கை உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்பது நியாயம். அதைக் கேட்போம். ஆனால் பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ இரண்டு நாளைக்கு வந்து போகிற நாங்கள், அந்தப் பெடியனின் பெயரைச் சொல்லி எங்களுக்கு இடம் கேட்க ஏலாது. அவனுக்கு உதவவேண்டும் என்றால் ஒரு லேசான வழி இருக்கிறது. ஓகஸ்டில் அந்த 400க்குள் நாங்கள் நுழையாமல் விடலாம்.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. "பெரிய முதலைகளை விட்டுட்டு எங்கட துவாயையா பிடிக்கிறீங்கள்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கோபம் எங்களுக்கும் இருக்கிறது. கார்தான் என்ற ஊரில் இருக்கிற அலுமினா ஆலை, 1960களின் நடுப்பகுதியிலிருந்து 2015 முடியும் வரை தன் சிவப்புச் சேற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கஸ்ஸிக்கு அப்பால் ஆழ்கடல் பள்ளத்தில் கொட்டியது. மொத்தம் இரண்டு கோடி தொன்னுக்கு மேல். 2012இல் தேசியப் பூங்கா வந்த பிறகும், அரசின் அனுமதியோடு மூன்று வருடத்துக்கு மேல் அந்தச் சேறு பூங்காவின் கடலுக்குள்தான் போனது. மார்செய் துறைமுகத்துக்கு வருகிற மாடி மாடியான உல்லாசக் கப்பல்களின் புகையும் இருக்கிறது. மத்தியதரைக் கடல் முழுவதற்கும் கப்பல் எரிபொருளின் கந்தகத்துக்குக் கடும் வரம்பு வர 2025 மே மாதம் வரை காத்திருக்கவேண்டி இருந்தது.

இதெல்லாம் உண்மை. இதை மறைத்துவிட்டு நடந்து வருகிறவனின் போத்தலை மட்டும் பார்க்கிற சுற்றுச்சூழல் பேச்சு நேர்மையானது இல்லை. ஆனால் ஆலையின் பாவத்தைக் காட்டி எங்கட பாவத்தைக் கழுவவும் ஏலாது. சிவப்புச் சேறு ஆழ்கடலின் அடியைக் கெடுத்தது. பைன் வேரை மிதித்தது ஆலை இல்லை, நாங்கள். இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தண்ணிக்குக் கீழேயும் ஒரு கதை இருக்கிறது. பொசிடோனியா என்ற கடற்புல் மத்தியதரைக் கடலில் மட்டும்தான் இருக்கிறது. பாசி இல்லை அது. வேர், இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். மீன் குஞ்சுகள் அதற்குள்தான் ஒளிக்கின்றன, அடி மணலைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் மட்டுமே படரும். ஒரு படகின் நங்கூரம் ஒரு நிமிஷத்தில் கிழிக்கிற துண்டு திரும்பி வளர ஒரு மனித ஆயுள் போதாது. பிரான்ஸ் 1988இலேயே இதைப் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தது. 24 மீற்றரும் அதற்கு மேலும் நீளமான கப்பல்கள் இந்தப் புல்வெளியில் நங்கூரம் போடக்கூடாது என்று பிறகு தடையும் வந்தது. வாடகைக்கு எடுக்கிற சின்னப் படகு அந்த 24 மீற்றர்க் கணக்குக்குள் வராது. அங்கே எங்கட கண்தான் காவல். வெளிர் நிறமாகத் தெரிந்தால் மணல், கருமையாகத் தெரிந்தால் பெரும்பாலும் புல். மணலில் போடுங்கள்.

அதே புல்லின் காய்ந்த இலைகள் கரையில் மண்ணிறக் குவியலாக ஒதுங்கும். அதைப் பார்த்து "ஊத்தைக் கடற்கரை" என்று கூகிளில் ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்கால அலையிலிருந்து மணலைக் காப்பது அந்தக் குவியல்தான். அள்ளி எறிந்தால் கரையும் கூடவே போகும். படத்துக்கு வடிவில்லை என்பதற்காக ஒரு கடற்கரையின் தோலை உரிக்கச் சொல்லாதீர்கள்.

"ஒரு கைப்பிடி மணல்தானே, ஞாபகத்துக்கு" என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2019 ஓகஸ்டில் சார்டினியாவில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் வாகனத்தில் 14 பிளாஸ்ரிக் போத்தல்களில் 40 கிலோ மணல் பிடிபட்டது. அந்தத் தீவின் பக்கத்தில் புதெல்லி என்ற சின்னத் தீவில் இளஞ்சிவப்பு மணல் கரை ஒன்று இருக்கிறது. ஆட்கள் அள்ளி அள்ளி, கடைசியில் 1990களில் அதை முழுதாக மூடிவிட்டார்கள். இன்றைக்குத் தூர நின்று பார்க்கலாம், கால் வைக்க முடியாது. கைப்பிடிகள் சேர்ந்தால் அதுதான் முடிவு.

இனி எங்கட கையில் இருக்கிற போனைப் பற்றி. 2021இல் கலாங்க் பூங்கா ஒரு வேடிக்கையான வேலை செய்தது. தன்னைத் தானே விளம்பரம் செய்யாமல், வராதீர்கள் என்று சொல்லத் தொடங்கியது. தங்கட இணையத்தளத்தில் நெரிசலான கரையின் படங்களைப் போட்டார்கள். நடை கஷ்டம், தண்ணி குளிர் என்று எழுதினார்கள். பொய் இல்லை. மிஸ்ட்ரல் காற்று அடித்தால் ஓகஸ்டிலும் அந்தக் கடல் நடுங்க வைக்கும். ஒரு பூங்காவே இப்படிச் சொல்லவேண்டிய நிலையை உண்டாக்கியதில் "ரகசியக் கடற்கரை" ரீல்ஸ்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ரகசியம் என்றால் ஏன் ஊருக்குச் சொல்லுகிறீர்கள்? இடத்தைக் குறித்துப் போடாமல் படத்தை மட்டும் போடுங்கள். போடத்தான் வேண்டும் என்றால் ஆட்கள் நிறைந்த உண்மையான படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அப்படியென்றால் ஒருவரும் போகக்கூடாதா? போங்கள். ஒக்ரோபருக்குப் பிறகு போங்கள், வசந்தகாலத்தில் போங்கள். நீந்துவது குறையும், ஆனால் அந்த மலையைத் தனியாக நடந்து பார்க்கலாம். கோடையில்தான் லீவு என்றால் பதிவு கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த குடாவுக்குத் திருட்டு வழி தேடாதீர்கள். தீ அபாயம் கூடிய நாட்களில் மலையே மூடப்படும். முதல்நாள் பின்னேரம் அறிவிப்பைப் பாருங்கள். 2016 செப்டெம்பரில் அந்த மலை எரிந்ததை மார்செய் மறக்கவில்லை, ஆகவே அங்கே சிகரெட் பற்றவைக்கிற ஆளை நண்பன் என்றும் பார்க்காமல் நிறுத்துங்கள். குறுக்குப் பாதை எடுக்காதீர்கள். தண்ணி கொண்டுபோங்கள், கொண்டுபோனதெல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள், கழிவறைத் தாள் உட்பட.

சும்மா குளிக்கத்தான் வேண்டும் என்றால் மார்செய் நகருக்குள்ளேயே பிராடோ கடற்கரை இருக்கிறது. 1970களில் மெற்றோ தோண்டிய மண்ணைக் கொட்டி, கூட்டத்துக்கென்றே உருவாக்கிய கரை அது. அங்கே ஆயிரம் பேர் போனாலும் ஒரு மரத்தின் வேரும் சாகாது. கடலும் அதே கடல்தான். படத்தில் மட்டும்தான் குறைவாகத் தெரியும்.

அந்தக் குறைவைத் தாங்க ஏலாதவர்கள் தயவுசெய்து "பொறுப்பு" என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள். மச்சான், வாற ஓகஸ்டில் சுஜித்தோன் படம் குடும்பக் குழுவுக்கு வராவிட்டால் நாங்கள் ஒன்றும் குறை நினைக்கமாட்டோம்.