22 நிமிஷத்துல காணாமப் போன காட்சிகள்

ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எப்பவோ பாஸ் ஆகிப் போன சீனியர் அண்ணா யாராவது விட்டுட்டுப் போன ஹார்ட் டிஸ்க் ஒண்ணு உங்க ஹாஸ்டல்லயும் சுத்திட்டு இருக்கும். அதுல 'டிவிடி ரிப்'னு பேர் போட்ட ஃப்ரெண்ட்ஸ் ஃபோல்டர் இருந்தா, ஒரு எபிசோடைத் திறந்து எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாருங்க. அப்புறம் அதே எபிசோடை ஸ்ட்ரீமிங்ல பாருங்க. அந்த ரிப் அமெரிக்க டிஸ்க்லேர்ந்து வந்ததுன்னா, பல எபிசோடுகள்ல அதுதான் நீளமா இருக்கும். நீங்க நூறு தடவை பார்த்த எபிசோடுல பார்க்காத ஒரு காட்சி வரும்.

அப்போ ஸ்ட்ரீமிங்காரன் வெட்டிட்டானா? இல்லை. 1994 முதல் 2004 வரைக்கும் என்பிசி சேனல்ல போனது அந்த 22 நிமிஷ வெர்ஷன்தான். நேரம் பத்தாம ஒளிபரப்புக்கு முன்னாடியே தூக்கின காட்சிகளை, டிவிடி போடும்போது திரும்பச் சேர்த்தாங்க. 2012-ல் ப்ளூ-ரே வந்தது. படம் பளிச்சுன்னு ஆச்சு. ஆனா அந்தக் கூடுதல் காட்சிகள் எபிசோடுக்குள்ள இல்லை, பழையபடி என்பிசி வெர்ஷன்தான். நல்ல பிக்சர் வேணுமா, நிறைய ஜோக் வேணுமா, ரெண்டுல ஒண்ணுதான்.

அதனால "சிட்காமை டிஸ்க்ல போடும்போது வெட்டுறாங்களா?"ன்னு யாராவது கேட்டா, ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. சில நேரம் வெட்டுறாங்க, சில நேரம் சேர்க்குறாங்க. சில நேரம் நீளத்தைத் தொடாம பாட்டை மட்டும் மாத்துறாங்க. சில நேரம் படத்தோட மேலயும் கீழயும் நறுக்குறாங்க. வெட்டுறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் இருக்கு, அதைக்கூடப் புரிஞ்சுக்கலாம். வெட்டினதை நம்மகிட்ட சொல்றதே இல்லை. என் கோபம் அதுமேலதான்.

முதல் காரணம்: விளம்பரம்

அமெரிக்க டிவியில சிட்காமுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவாங்க. 1950-களில் அதுல சுமார் 26 நிமிஷம் நிகழ்ச்சி இருந்தது. 90-களில் அது 22 நிமிஷம் ஆகிடுச்சு. முதல் ஒளிபரப்பு முடிஞ்ச பிறகு அதே எபிசோடுகளை உள்ளூர் சேனல்களுக்கும் கேபிளுக்கும் விப்பாங்க. இதுக்கு சிண்டிகேஷன்னு பேர். ஒரு ஹிட் சிட்காமோட பெரிய வருமானம் இங்கதான் வரும். வாங்குற சேனலுக்கு இன்னும் ரெண்டு விளம்பரம் போடணும். அதுக்கு இடம் வேணும். கதையை வெட்டினா எபிசோடே புரியாது. அதனால கதையைத் தொடாத சின்னச் சின்ன ஜோக்குகள், ஆரம்பக் காட்சியில ஒரு துண்டு, கடைசியில வர்ற குட்டிக் காட்சி, இதெல்லாம்தான் முதல்ல போகும். ஆனா சிட்காம்ல நாம சிரிக்கிறதே இந்த மாதிரி இடங்கள்ல தானே?

சிண்டிகேஷனுக்கு நறுக்கின அந்த மாஸ்டர் டேப் அலமாரியில ரெடியா இருக்கும். டிவிடி போடுற கம்பெனிக்கு அதை எடுத்து அப்படியே டிஸ்க்ல ஏத்துறது ஈஸி. 2004-05-ல் இப்படித்தான் நடந்தது. 'ஆல்ஃப்', 'ரோசன்', 'தி காஸ்பி ஷோ' மூணுக்கும் முதல் சீசன் டிவிடி சிண்டிகேஷன் வெர்ஷன்லதான் வந்தது. காசு கொடுத்து பாக்ஸ் செட் வாங்கினவங்களுக்குக் கிடைச்சது விளம்பரத்துக்காக வெட்டின எபிசோட். டிஸ்க்ல விளம்பரமும் இல்லை, விளம்பரத்துக்காகத் தூக்கின காட்சியும் இல்லை! அதே 2004-ல் வந்த 'சைன்ஃபெல்ட்' டிவிடி முழு நீள எபிசோடுகளோட வந்தது. மனசு வெச்சா முடியும்ங்கறதுக்கு அதுவே சாட்சி.

வெட்டாமலே நேரத்தைத் திருடவும் ஒரு வழி இருக்கு. டிபிஎஸ் சேனல் சைன்ஃபெல்டை சுமார் 7% வேகம் கூட்டி ஓட்டினதை, ரெண்டு வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்ச ஒரு யூடியூப் வீடியோ காட்டிக்கொடுத்தது. 22 நிமிஷத்துல 7%னா ஒன்றரை நிமிஷம், அதாவது மூணு விளம்பரம். ஒரு டயலாக்கும் போகலை. ஆனா காமெடியோட உயிரே டைமிங்தான். ஒருத்தர் பதில் சொல்றதுக்கு முன்னாடி விடுற அந்த அரை செகண்ட் மௌனத்தைச் சுருக்கினா ஜோக்கும் கூடவே சுருங்கிடும்.

இதுல இன்னொண்ணும் கவனிக்கணும். ஓடும் நேரத்தை மட்டும் வெச்சு "வெட்டிட்டாங்க"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. இந்தியா, ஐரோப்பா பக்கம் டிவிக்கு பால் சிஸ்டம் (குடிக்கிற பால் இல்லை). செகண்டுக்கு 24 ஃப்ரேமில் எடுத்த ஃபிலிமை அங்கே 25 ஃப்ரேமில் ஓட்டுவாங்க. 4% வேகம் கூடும், 22 நிமிஷம் சுமார் 21 ஆகும். அங்கே ஒரு ஃப்ரேம்கூட வெட்டலை. அதனால எது வெட்டு, எது கன்வர்ஷன்னு பார்க்குறவனால கண்டுபிடிக்கவே முடியாது. கம்பெனிதான் சொல்லணும்.

ரெண்டாவது காரணம்: பாட்டு

இதுல பாவப்பட்ட சிட்காம்னா அது 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி'தான். 1978 முதல் 1982 வரை சிபிஎஸ்ஸில் ஓடினது. கதை நடக்குறது ஒரு ராக் ரேடியோ ஸ்டேஷன்ல. டீஜே ரூம்ல ஓடுற பாட்டெல்லாம் அந்தக் காலத்து நிஜ ஹிட் பாட்டுகள். அப்போ வாங்கின உரிமை டிவி ஒளிபரப்புக்கு மட்டும்தான். வீட்ல டிஸ்க் வாங்கிப் பார்ப்பாங்கன்னு 1978-ல் யாரும் கான்ட்ராக்ட்ல எழுதலை. உரிமைக்காலம் முடிஞ்சதும், திரும்ப வாங்க ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியா பேசணும், தனித்தனியா காசு கொடுக்கணும்.

2007-ல் முதல் சீசன் டிவிடி வந்தப்போ நிறைய பாட்டுகளை எடுத்துட்டு, பேர் தெரியாத ஏதோ மியூசிக்கைப் போட்டாங்க. பாட்டு ஓடும்போது யாராவது பேசியிருந்தா பாட்டை மட்டும் தனியா எடுக்க முடியாது. அப்போ காட்சியே போகும். ஒரு காட்சியில மேனேஜர் ஸ்டூடியோவுக்குள்ள வர்றார், பிங்க் ஃபிளாய்ட் பாட்டு ஓடுது. பாட்டுல கேக்குற நாய்ச் சத்தத்தைப் பத்தி அவர் குழம்பிப் போய்க் கேக்குறார். பாட்டு இல்லைன்னா அந்த ஜோக்குக்கு அர்த்தமே இல்லை. அதையும் தூக்கிட்டாங்க. 2014-ல் வேற ஒரு கம்பெனி பொறுமையா உரிமை வாங்கி, பெரும்பாலான ஒரிஜினல் பாட்டுகளோட முழு செட்டையும் கொண்டுவந்தது. ரசிகர்கள் அதுக்குப் பல வருஷம் காத்திருந்தாங்க. 'தி வொண்டர் இயர்ஸ்' தொடருக்கும் இதே கதிதான். 1993-ல் முடிஞ்ச அந்தத் தொடர், பாட்டு உரிமைச் சிக்கலால 2014 வரைக்கும் முழு டிவிடியா வரவே இல்லை.

மூணாவது காரணம்: ஃப்ரேம்

இது நம்ம காலத்து வெட்டு. பழைய டிவி 4:3. இப்போ நம்ம ஸ்க்ரீன் 16:9. பழைய படத்தோட அகலத்தை அப்படியே வெச்சு புது ஸ்க்ரீனை நிரப்பணும்னா, உயரத்துல சரியா கால் பங்கு போகும். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. 35 மி.மீ. ஃபிலிம்ல எடுத்த தொடர்கள்ல பக்கவாட்டுல கொஞ்சம் கூடுதல் படம் இருக்கும், அதைத் திறந்து சமாளிப்பாங்க. அப்படித் திறந்தப்போதான் ஃப்ரெண்ட்ஸ்ல சில ஷாட்கள்ல நடிகருக்குப் பதிலா நிக்கிற டூப் ஆள் மாட்டிக்கிட்டார்.

2021 அக்டோபர்ல சைன்ஃபெல்ட் நெட்ஃபிளிக்ஸுக்கு 16:9-ல் வந்தது. அதுல ஒரு எபிசோடோட பேரே 'தி பாட்ஹோல்', ரோட்டுப் பள்ளம். ஜார்ஜ் குனிஞ்சு பள்ளத்தைப் பார்த்துட்டு நிக்கிறார், பள்ளம் ஃப்ரேமுக்குக் கீழே போயிடுச்சு. 2019-ல் டிஸ்னி பிளஸ் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரை இப்படித்தான் நறுக்கிச்சு. டஃப் பீர் ஃபேக்டரியில மூணு வகை பீருக்கு மூணு டேங்க் இருக்கும். மேலே பார்த்தா மூணுக்கும் ஒரே குழாய்லேர்ந்துதான் வருதுங்கறது ஜோக். நறுக்கினதுல குழாயே காணோம். ரசிகர்கள் விடாம கத்தினாங்க. 2020 மே மாசம் 4:3-ல் பார்க்குற ஆப்ஷனைக் கொடுத்தாங்க. ஒரு டாகிள் பட்டன், அவ்வளவுதான். டெக்னிக்கலா கஷ்டம்னு யாரும் இனி சொல்ல முடியாது.

நாலாவது காரணம்: சங்கடம்

இதுதான் விவாதிக்க வேண்டிய இடம். 2020 ஜூன்ல அமெரிக்காவுல ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு எதிரா போராட்டம் வெடிச்ச நேரம். வெள்ளை நடிகர்கள் முகத்துல கருப்புச் சாயம் பூசி நடிச்ச பழைய காட்சிகளை சேனல்களும் தளங்களும் அவசர அவசரமா தூக்கினாங்க. '30 ராக்'ல நாலு எபிசோட் போச்சு. 'தி ஆஃபீஸ்' ஒன்பதாவது சீசன் கிறிஸ்துமஸ் எபிசோடுல ஒரு சின்ன ஷாட் போச்சு.

'கம்யூனிட்டி'யில போன எபிசோடைப் பத்தி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். மனசு உடைஞ்சு, உயிரையே விட்டுடலாம்ங்கற நிலையில இருக்கிற ஒரு கிளாஸ்மேட்டைக் காப்பாத்த நண்பர்கள் எல்லாரும் உக்காந்து ஒரு கேம் விளையாடுற எபிசோட் அது. 2011-ல் வந்தது. கேம்ல வர்ற கற்பனைப் பாத்திரமா ஒருத்தர் முகத்துல கருப்பு பூசிட்டு வருவார். அதைத் தப்புன்னு இன்னொரு பாத்திரம் அங்கேயே குத்திக் காட்டும். அந்த ஒரு மேக்கப்புக்காக நெட்ஃபிளிக்ஸும் ஹுலுவும் முழு எபிசோடையும் எடுத்துட்டாங்க. காலேஜ் படிக்கிற ஒருத்தனுக்கு அந்தத் தொடர்லயே ரொம்ப அவசியமான எபிசோட் எதுன்னு என்னைக் கேட்டா, இதைத்தான் சொல்வேன். டிவிடி வெச்சிருக்கிறவங்ககிட்ட அது இன்னும் பத்திரமா இருக்கு.

கருப்பு மேக்கப் ஒருத்தரைக் காயப்படுத்தும்ங்கறதை நான் மறுக்கலை. அந்தக் காயம் எனக்கு இல்லாததால "பெருசு பண்ணாதீங்க"ன்னு சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. எழுதினவங்களே வருத்தப்பட்டு வெட்டணும்னு சொன்னா, அதுவும் அவங்க உரிமைதான். ஆனா சத்தமில்லாம எடுக்குறது ஒண்ணு, காரணம் சொல்லிட்டு வைக்கிறது வேற. அதே மாசம் ஹெச்பிஓ மேக்ஸ் 'கான் வித் த விண்ட்' படத்தை முதல்ல எடுத்துச்சு, அப்புறம் வரலாற்றுப் பின்னணியைச் சொல்ற ஒரு முன்னுரையோட திரும்பப் போட்டுச்சு. பார்க்குறவங்களுக்குப் புத்தி இருக்குன்னு நம்புற வழி அது.

"சிட்காம் தானே, விடு"

இதை எழுதுறேன்னு சொன்னதும் ரூம்மேட் கேட்ட கேள்வி இது: "ப்ராஜெக்ட் ரிவ்யூ இருக்கு, ப்ளேஸ்மெண்ட் இருக்கு, உனக்கு இதுதான் பிரச்சினையா?" நியாயமான கேள்விதான். யாரும் இதனால சாகப் போறதில்லை.

ஆனா நாம கோட் எழுதுறப்போ என்ன பண்றோம்? ஒரு வரி மாத்தினாலும் கமிட் மெசேஜ் போடணும், வெர்ஷன் நம்பர் ஏத்தணும். சேஞ்ச்லாக் இல்லாம ரிலீஸ் பண்ணினா கைடு கிழிச்சுத் தொங்க விட்டுடுவார். நாம கட்டுற ஒரு மினி ப்ராஜெக்ட்டுக்கே இவ்வளவு ஒழுக்கம் கேக்குறாங்க. கோடிக்கணக்கானவங்க பார்க்குற ஒரு எபிசோடு சத்தமில்லாம மாறலாம், யாருக்கும் ஒரு வரி அறிவிப்பு வேண்டாம்ங்கறது எந்த ஊர் நியாயம்?

டிஸ்க்ல வெட்டினா, குறைஞ்சபட்சம் வெட்டின டிஸ்க் ஒண்ணு, வெட்டாத டிஸ்க் ஒண்ணுன்னு ரெண்டும் உலகத்துல இருக்கும். ஒப்பிட்டுக் கேள்வி கேக்கலாம். மேலே சொன்ன வெட்டுகள்ல பலதை ரசிகர்கள் கண்டுபிடிச்சது பழைய காப்பி கையில இருந்ததாலதான். ஸ்ட்ரீமிங்ல அது இல்லை. நேத்து ராத்திரி சர்வர்ல ஃபைலை மாத்திட்டா, இன்னைக்குக் காலையில உலகம் முழுக்க அதுதான் ஒரிஜினல். நாம மாசாமாசம் காசு கட்டினாலும் நம்மகிட்ட ஒரு காப்பியும் இல்லை. இன்னைக்கு இது ஜோக்கோட நிக்குது. நாளைக்கு ஒரு டாக்குமெண்டரியிலயோ, பழைய பேட்டியிலயோ நடந்தா நமக்குத் தெரியவா போகுது?

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. எபிசோட் பேருக்குக் கீழே ஒரே ஒரு வரி போடுங்க: இது ஒளிபரப்பான வெர்ஷனா, நீட்டினதா, வெட்டினதா. பாட்டு மாத்தியிருந்தா, ஃப்ரேம் நறுக்கியிருந்தா அதையும் சொல்லுங்க. பழைய வெர்ஷன் கையில இருந்தா ஒரு ஆப்ஷனா கொடுங்க. பிஸ்கட் பாக்கெட்லயே உள்ளே என்ன இருக்குன்னு போட்டிருக்கு.

அதுவரைக்கும் அந்த சீனியர் அண்ணாவோட ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிடாதீங்க.