ஆயிரம் பேருக்கு ஒயின்... எத்தனை பாட்டில் பாஸ்?

இந்த வாரம் ஒரு கணக்கோட ஆரம்பிப்போம். கால்குலேட்டர் எல்லாம் வேண்டாம், மனக்கணக்கே போதும்.

கல்யாண ரிசப்ஷன். வர்றவங்க 1,000 பேர். எல்லாருக்கும் ஒயின் கொடுக்கணும். எத்தனை பாட்டில் வாங்கணும்?

'மச்சி, இதெல்லாம் செமஸ்டர்ல வராது'னு எஸ்கேப் ஆகாதீங்க. எனக்கு வந்துச்சு. எங்க பெரியப்பா மக கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒரு போன். எல்லாம் பேசி முடிச்சு வைக்கப் போற நேரத்துல, "கேக்கும் ஒயினும் உண்டுல்லா?"னு ஒரு கேள்வி. பெரியப்பா "உண்டு, உண்டு"னு சொல்லிட்டு போனை வச்சார். அப்புறம் என்னைப் பார்த்தார். "மக்களே, நீ எஞ்சினீயருக்குப் படிக்கியல்லா... எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்குப் போடு." கையில ஒரு 40 பக்க நோட்டு.

வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு சின்ன விளக்கம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்தது. 2011 கணக்கெடுப்புப்படி இங்கே கிட்டத்தட்ட 47 சதவிகிதம் பேர் கிறிஸ்தவங்க. அதனால சாப்பாட்டுப் பந்தியில அவியல், எரிசேரி, பிரதமன்னு மலையாள வாசனை அடிக்கும். எங்க பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணத்துல கோயில்ல தாலி கட்டி முடிஞ்சதும் ரிசப்ஷன்ல கேக் வெட்டி, சின்னக் கப்புல திராட்சை ரசம் கொடுக்கறதும் உண்டு. (மிளகு ரசம் இல்ல பாஸ், அது பந்தியில!)

சரி, கணக்குக்கு வருவோம்.

கணக்கு நம்பர் 1: ஃபாரின் ஸ்டைல்

ஒரு ஒயின் பாட்டில் 750 மில்லி. வெளிநாட்டு ரிசப்ஷன்ல ஒரு கிளாஸுக்கு 150 மில்லி ஊத்துவாங்க. அப்ப பாட்டிலுக்கு 5 கிளாஸ். ஒரு ஆள் மணிக்கு ஒரு கிளாஸ் குடிப்பார்ங்கறது அவங்க பொதுவான கணக்கு. ரிசப்ஷன் 4 மணி நேரம்னா தலைக்கு 4 கிளாஸ். 1,000 பேருக்கு 4,000 கிளாஸ். ஐந்தால வகுத்தா... 800 பாட்டில்!

ஒரு பாட்டில் 700 ரூபாய்னு சும்மா வச்சுக்கிட்டாலும் 5 லட்சத்து 60 ஆயிரம். இதைப் பெரியப்பாகிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. எழுந்து போய் ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டு வந்தார்.

800 பாட்டில்ங்கறது ஓவர்னு நினைக்கறீங்களா? பைபிள்ல கானா ஊர்க் கல்யாணம் ஞாபகம் இருக்கா? யோவான் எழுதினது, 2-ம் அதிகாரம். ரசம் தீர்ந்து போச்சுன்னு மாதா சொல்ல, இயேசு ஆறு கல்ஜாடி தண்ணியை ரசமா மாத்தினார். ஒரு ஜாடி சுமார் 80 முதல் 120 லிட்டர் பிடிக்கும்னு இன்னிக்கு கணக்குப் பண்றாங்க. ஆறு ஜாடிக்கு 480 முதல் 720 லிட்டர். அதை 750 மில்லி பாட்டிலாக்கினா 640 முதல் 960. நடுவுல எவ்வளவு? 800! ரசம் பத்தாமப் போனா கல்யாண வீட்டுக்காரருக்கு எவ்வளவு தலைகுனிவுன்னு அந்தக் கதையைப் படிச்சா புரியும். அந்தப் பயம் 2,000 வருஷமா மாறவே இல்ல.

கணக்கு நம்பர் 2: ஒரு மடக்கு

பெரியம்மா குறுக்கே வந்தாங்க. "லேய், குடிக்கவா கொடுக்கோம்? வாழ்த்துறதுக்காக்கும்."

அட, அதுதானே! வாழ்த்துறதுக்கு 30 மில்லி போதும். பாட்டிலுக்கு 25 பேர். 1,000 பேர்ல சின்னப் பிள்ளைங்க, 'எனக்கு வேண்டாம்'னு சொல்றவங்கன்னு 400 பேரைக் கழிச்சா மீதி 600. அறுநூறு தடவை 30 மில்லி, அதாவது 18 லிட்டர். 24 பாட்டில். சிந்துறது, சிதறுறதுக்கு பத்து சதவிகிதம் சேர்த்தா 27. அதே 700 ரூபாய் விலையில 18,900.

அதே மண்டபம், அதே ஆட்கள். ஆனா 800 எங்க, 27 எங்க! அன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. எத்தனை பேர் வர்றாங்கங்கறது ரெண்டாவது கேள்வி. அந்தக் கப் எதுக்குங்கறதுதான் முதல் கேள்வி. அதை முடிவு பண்ணாம கடைக்குப் போனா நோட்டுல இருக்கற பணம் காணாமப் போயிரும்.

(நாளைக்கு ஃபாரின்ல செட்டில் ஆகி அங்கேயே கல்யாணம் பண்ணப் போற ஃப்ரெண்ட்ஸுக்கு ரெண்டு டிப்ஸ்: காரமான நம்ம சாப்பாட்டோட துவர்ப்பு அதிகமான சிவப்பு ஒயின் சண்டை போடும். கொஞ்சம் இனிப்பான வெள்ளை ஒயின் ஒத்துப் போகும். பிரிக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கடையில முதல்லயே கேட்டுக்குங்க.)

கணக்கு நம்பர் 3: சட்டம்

27 பாட்டில்தானே, வாங்கிடலாம்னு கிளம்பினா அங்கேயும் பிரேக். தமிழ்நாட்டுல 2003 நவம்பர்ல இருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. 21 வயசு ஆகாதவங்களுக்கு விற்கக் கூடாது. எனக்கு வயசு 20. கணக்குப் போட்ட நானே வாங்க முடியாது!

வீட்டுலயே பரணியில திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, துணி கட்டி வச்சு ஒயின் போடறது நம்ம பக்கம் பல வீட்டுக் கிறிஸ்துமஸ் ரகசியம். ஆனா மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாம அப்படிச் செய்யறது குற்றம். கோயில்ல பூசைக்கு வர்ற ரசத்துக்குத் தனி விதியும் உரிமமும் இருக்கு, அது வேற.

மண்டபத்துல ஊத்தலாமா? 2023 ஏப்ரல்ல இதே விஷயம் தமிழ்நாட்டையே கலக்குச்சு. கல்யாண மண்டபம், விளையாட்டு அரங்கம் மாதிரி இடங்கள்ல சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம்னு அரசு விதியை மாத்தினது வெளியே வந்ததும் பெரிய எதிர்ப்பு. உடனே கல்யாண மண்டபத்தை அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆக, அந்த ரூட்டும் குளோஸ்.

அப்புறம் என்ன வழி? கொதிக்க வச்ச திராட்சை ரசம்! இதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கு. 1860-கள்ல பிரான்ஸ்ல லூயி பாஸ்டர், ஒயினைச் சூடு பண்ணினா அதைக் கெடுக்கற கிருமிகள் செத்துரும்னு காட்டினார். 1869-ல அமெரிக்காவுல தாமஸ் வெல்ச்னு ஒரு பல் டாக்டர் அதே டெக்னிக்கைத் திராட்சைச் சாறுக்குப் பயன்படுத்தினார். ஈஸ்ட் செத்தா சர்க்கரை ஆல்கஹாலா மாறாது. கோயில் திருவிருந்துல போதையில்லாத ரசம் கொடுக்கணும்ங்கறது அவர் ஆசை. பின்னாடி அது பெரிய கம்பெனியாவே வளர்ந்தது.

எங்க கணக்கு இதுதான். தலைக்கு 50 மில்லி, 1,000 பேருக்கு 50 லிட்டர். தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை (2023-ல புவிசார் குறியீடு வாங்கினது) கிலோவுக்கு அரை லிட்டருக்கு மேல சாறு தரும். பாதிக்குப் பாதி தண்ணி சேர்த்தோம். 45 கிலோ திராட்சை, 5 கிலோ சர்க்கரை, பட்டை, கிராம்பு. எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய் பட்ஜெட்.

செய்யறவங்க கவனிக்க: அலுமினியப் பாத்திரம் வேண்டாம், திராட்சைப் புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர்ல கொதிக்க வைங்க. கொட்டையை நசுக்காதீங்க, துவர்க்கும். ஆறினதும் ஐஸ்ல வச்சு மறுநாளே தீர்த்துருங்க. வெளியே ரெண்டு மூணு நாள் வச்சா காத்துல இருக்கற ஈஸ்ட் வந்து தன் வேலையை ஆரம்பிச்சுரும்!

நோட்டுல ஒரு வரி

5 லட்சத்து 60 ஆயிரம் எங்க, 5,000 எங்க! நான் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டே நோட்டுல எழுதப் போனேன். அப்பதான் அந்த வரி கண்ணுல பட்டது.

மண்டபம், சமையல், பந்தல், கேக்... எல்லாத்துக்கும் பேர் இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில மட்டும், 'பையன்மார் - 40,000'.

"பெரியப்பா, இது என்ன?"

அவர் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னார். "அது... முந்தின நாள் ராத்திரி. மாப்பிள்ளை கூட்டாளிமாரு, நம்ம பையன் கூட்டாளிமாரு. தனியா கவனிக்கணும்லா. இல்லேன்னா பேச்சாயிரும்."

மண்டபத்துல எல்லாரும் பார்க்க வாழ்த்துற ரசத்துக்கு 5,000. மண்டபத்துக்குப் பின்னாடி யாரும் பார்க்காத இடத்துக்கு 40,000. அந்த நோட்டோட முதல் பக்கத்துல வரவுக் கணக்கு இருந்தது. பெரியம்மாவோட நாலு பவன் செயின் பேங்க்ல இருக்குன்னு அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லணும். அந்தப் 'பையன்மார்'ல நானும் ஒருத்தன். கல்யாணம் நிச்சயமான அன்னிக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல "பார்ட்டி எப்போ அண்ணா?"னு முதல்ல போட்டதே நான்தான். நான் குடிக்கறதில்ல. சும்மா கெத்துக்குப் போட்டேன். அடியில 23 பேர் நெருப்பு எமோஜி போட்டிருந்தாங்க. அந்த 23 நெருப்பும் போய் எரிச்சது பெரியம்மா செயினை.

நீங்களும் நானும் கேக்கறது ஒரு வார்த்தைதான். 'ட்ரீட் எங்கடா?' அதை யாரோ ஒரு அப்பா ஒரு நோட்டுல ரூபாயா எழுதறார். நாம அந்த நோட்டைப் பார்க்கறதில்ல.

இன்னொரு கணக்கும் இருக்கு. முந்தின நாள் பார்ட்டிக்கு யாரும் பஸ்ல வர்றதில்ல, எல்லாம் பைக். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 2019-ல வந்த திருத்தம் இது. போலீஸ் பிடிச்சாத்தான் இந்தக் கணக்கு. நம்ம ஊர் வளைவுல பிடிச்சா எந்த நோட்டுலயும் எழுத முடியாது.

அன்னிக்கு ராத்திரி அண்ணன்கிட்ட பேசினேன். அவனுக்கு செயின் விஷயமே தெரியல. மறுநாள் குரூப்ல அவனே போட்டான்: "பார்ட்டி கிடையாது மக்கா. முந்தின நாள் தேங்காய் துருவ ஆள் வேணும். வர்றவங்களுக்குப் புரோட்டாவும் பீஃபும் உண்டு." நாலு பேர் குரூப்பை விட்டே போயிட்டாங்க. 14 பேர் தேங்காய் துருவ வந்தாங்க. மாப்பிள்ளை பக்கத்துக்குன்னு 15,000 அப்படியே இருந்தது, அதுல பெரியப்பா கை வைக்கல. "நமக்கு அவ்வளவுதான் முடியும்டே"ன்னார். மீதி 25,000 பேங்குக்குத் திரும்பிப் போச்சு. முழு ஜெயிப்பு இல்ல. ஆனா பாதிக்கு மேல.

ரிசப்ஷன் எப்படின்னு கேக்கறீங்களா? சூப்பர்! ஆனா உங்க எஞ்சினீயர் ஒரு இடத்துல கோட்டை விட்டான். இது போதையில்லாத ரசம்ங்கறதால பிள்ளைங்களுக்கும் கொடுக்கலாம். அதுங்க மூணு மூணு ரவுண்டு வந்துச்சுங்க. 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' படிச்சுப் பாஸ் ஆன நான், 50 லிட்டருக்கு மேல ஒரு சொட்டு சேர்க்கல. எட்டே முக்கால் மணிக்கு, பந்தியைக் கவனிச்சுட்டிருந்த மாமா வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மக்களே, ரசம் தீந்து போச்சே!"

கானா ஊர் மாதிரி எங்ககிட்ட கல்ஜாடி இல்ல. தேங்காய் துருவ வந்த 14 பேர்ல ரெண்டு பேர் பைக்கை எடுத்துட்டுப் பறந்து எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்தாங்க. கடைசி அறுபது பேர் எலுமிச்சைச் சாறுலதான் அக்காவையும் அத்தானையும் வாழ்த்தினாங்க. யாரும் ஒண்ணும் குறை சொல்லல.

அதனால ஃப்ரெண்ட்ஸ், ரசம் போட்டா 20 சதவிகிதம் கூடவே போடுங்க. பார்ட்டி கேக்கறதுக்கு முன்னாடி அந்த நோட்டை ஒரு தடவை நினைச்சுக்குங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்... வர்ட்டா!