கயானா ஆப்பிரிக்காவில் இல்லீங்க!



போன மாதம் நடந்த வினாடி வினாப் போட்டிக்கு நம்ம பள்ளி சார்பாக மூன்று பேர் போனோம். கடைசிச் சுற்றில் நாங்களும் இன்னொரு பள்ளியும் சமமாக நின்றோம். "ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே தென்னமெரிக்க நாடு எது?" என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் என் காதில் "கயானாடா" என்றான். நான்தான் கேப்டன் ஆச்சே! "சும்மா இரு, கயானா ஆப்பிரிக்காவுல இருக்கு" என்று அவனை அடக்கிவிட்டு "பிரேசில்" என்று சத்தமாகச் சொன்னேன். கோப்பை போச்சு. பஸ்ஸில் திரும்பி வரும்போது சாத்தூர் தாண்டும் வரைக்கும் அவன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் நினைத்தது கானா. அது ஆப்பிரிக்கா. கினியா என்று ஒன்று இருக்கிறது, அதுவும் ஆப்பிரிக்கா. பிரெஞ்சு கயானா என்று ஒன்று இருக்கிறது. அது தென்னமெரிக்காதான், ஆனால் தனி நாடு இல்லை, பிரான்ஸைச் சேர்ந்தது. 1981இல் நம்ம ஆப்பிள் செயற்கைக்கோளை ஏவிய கூரூ ஏவுதளம் அங்கேதான் இருக்கிறது. நான் சொல்ல வந்த கயானா வேறு. வெனிசுவேலாவுக்கும் சுரிநாமுக்கும் நடுவில், தெற்கே பிரேசில், வடக்கே அட்லாண்டிக் கடல். முன்பு பிரிட்டிஷ் கயானா. 1966 மே 26இல் சுதந்திரம் வாங்கியது. தலைநகரம் ஜார்ஜ்டவுன்.

தோற்ற கோபத்தில் ஒரு வாரம் நூலகத்தில் அட்லஸும் கையுமாக உட்கார்ந்தேன். அப்போது வகுப்பில் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள் பாருங்கள், அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி, "அது குட்டி நாடுதானடா?" பரப்பளவு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடே 1,30,000 சொச்சம்தான். நம்ம விருதுநகர் மாவட்டம் மாதிரி ஐம்பது மாவட்டங்களை அதற்குள் வைக்கலாம். ஆனால் ஆட்களை எண்ணினால் கதை மாறிவிடுகிறது. 2012 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 7,46,955 பேர். 2011இல் நம்ம மாவட்டத்தில் மட்டும் 19 லட்சத்துக்கு மேல். இப்போது சொல்லுங்கள், யார் குட்டி?

அவ்வளவு இடத்தில் ஏன் இவ்வளவு பேர்தான் என்றால், நாட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் காடு. ஜனங்களில் பெரும்பகுதி கடற்கரை ஓரமாக ஒரு மெல்லிய பட்டையில் இருக்கிறார்கள். அந்தப் பட்டைதான் வேடிக்கை. கடல் ஏறும்போது நிலம் கடலைவிடத் தாழ்ந்து நிற்கும்! பிரிட்டிஷ்காரர்களுக்கு முன்னால் ஆண்ட டச்சுக்காரர்கள் கரை கட்டி, கால்வாய் வெட்டி, கடல் பக்கம் மதகு வைத்தார்கள். அதற்கு 'கோக்கர்' என்று பெயர். நம்ம கண்மாய் மடை மாதிரியே. ஆனால் வேலை தலைகீழ். நாம் தண்ணீரை உள்ளே நிறுத்தி வைக்க மடை வைக்கிறோம். அவர்கள் கடல் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடுகிறார்கள், கடல் ஏறுவதற்குள் மூடிவிடுகிறார்கள். ஜார்ஜ்டவுனில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நமக்கு அதில் பாதிகூடக் கிடையாது. 2005 ஜனவரியில் பெய்த மழையில் அந்தக் கரையோரம் முழுக்க வெள்ளத்தில் கிடந்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற எங்க தெருவில் இதைச் சொன்னால், "கொஞ்சம் இங்கிட்டு அனுப்பச் சொல்லுடா" என்றாள் எங்க பாட்டி.

"பனி பெய்யுமா?" பெய்யாது. நம்மைவிட நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். "அருவி இருக்கா?" இருக்கிறது, கையெட்டூர் அருவி, 741 அடி, ஒரே பாய்ச்சல். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அப்படி நான்கு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். மணி? நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். காலையில் நாம் பிரேயரில் நிற்கும்போது அங்கே முந்தின நாள் இரவு முடிந்திருக்காது. "கிரிக்கெட் டீம் ஏன் இல்லை?" இருக்கிறது. வெஸ்ட் இண்டீஸ் என்று விளையாடுகிறார்களே, அதில் கயானாவும் சேர்த்தி. சந்தர்பால், சர்வான் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான். 2007 உலகக் கோப்பைக்காக அங்கே கட்டிய ஸ்டேடியத்துக்கு நம்ம இந்திய அரசுதான் உதவி செய்தது.

இதுவரைக்கும் வந்த கேள்விகள் எல்லாம் சரி. அடுத்துக் கேட்டதில்தான் எனக்கும் என் நண்பனுக்கும் சண்டை வந்தது.

வீராசாமி பெருமாள் என்று ஒரு பந்துவீச்சாளர், கயானாக்காரர், இடது கை சுழற்பந்து. 2012இல் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் அணிக்கு வந்தார். 2021இல் இலங்கையில் காலி மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். பெயரைப் பாருங்கள், நம்ம தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மோசஸ் வீராசாமி நாகமுத்து என்பவர் 2015 முதல் 2020 வரை அந்த நாட்டின் பிரதமராகவே இருந்தார். அங்கே வாழும் மதராசிகளின் வாழ்க்கையை வைத்து 2000இல் ஒரு நாவலும் எழுதியிருக்கிறார்.

இதைச் சொன்னதும் என் நண்பன் கேட்டான், "அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?" பேசத் தெரியாது என்றேன். "அப்ப என்னடா தமிழன்?" என்று சிரித்தான். கேட்டது ஒரு கேள்விதான். ஆனால் அவன் பதிலையும் சேர்த்தே கொண்டு வந்திருந்தான்.

அந்தத் தமிழ் எப்படிப் போச்சு என்று அவன் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். 1838இல் அங்கே அடிமை முறை முழுசாக முடிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேலைக்கு ஆள் வேண்டும். அவர்களில் கிளாட்ஸ்டன் என்று ஒருவர், பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. அவர் இந்தியாவிலிருந்து ஆள் கேட்டு எழுதினார். 1838 மே 5இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து சுமார் 400 பேரோடு போய்ச் சேர்ந்தன. அந்த மே 5 இன்றைக்கும் அங்கே அரசு விடுமுறை. 1917 வரைக்கும் போனவர்கள் ஏறக்குறைய 2,39,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம். வேலைக்கு வராவிட்டால் அபராதம், ஜெயில். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து 1845இலிருந்து கப்பல் போனது. ஆனால் அதில் போன தமிழர்களும் தெலுங்கர்களும் மொத்தத்தில் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் போஜ்புரி பேசுகிற வடக்கத்தியார். அந்தக் கூட்டத்துக்குள் நம்மாட்கள் சிறுபான்மை. பள்ளிக்கூடம் இங்கிலீஷ். தோட்டத்தில் கங்காணியும் இங்கிலீஷ். தமிழில் ஒரு கடுதாசி போட்டால் படிக்க ஆள் கிடையாது. இப்படியே ஐந்து தலைமுறை.

போகாமல் நின்றது என்ன தெரியுமா? மாரியம்மன். கூடவே மதுரைவீரன், முனீஸ்வரன், காட்டேரி. பெர்பீஸ் என்கிற கிழக்குப் பகுதியில் மதராசி கோயில்கள் இன்னும் இருக்கின்றன. வேப்பிலை உண்டு, சாமியாட்டம் உண்டு. அடிக்கிற கொட்டின் பெயர் 'தப்பு'. ஆமாங்க, தப்புதான்! நம்ம ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவர்களுக்கு முன்னால் அடிப்பார்களே, அதே பெயர். மொழி முழுக்கப் போனபிறகும் அந்த ஒரு சொல் நூற்றெழுபது, நூற்றெண்பது வருடமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இதற்கு மார்க் போட நானும் என் நண்பனும் யார்? நம்ம சுவர்ப் பத்திரிகைக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள் என்றால் மாதத்துக்கு நாலு பேர்தான் வருகிறோம். (ஆசிரியர் குழு கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த நாலில் நான் ஒருத்தன்.)

"அப்ப அது இந்தியர்கள் நாடா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி. இல்லை. இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு 40 பேர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 29 பேர், கலப்பு வம்சத்தினர் 20 பேர், எல்லோருக்கும் முன்னாலிருந்தே இருக்கிற பழங்குடியினர் 10 பேர். இது 2012 கணக்கு. ஹோலிக்கும் தீபாவளிக்கும் ஈத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லோருக்கும் லீவு. விசேஷ வீடுகளில் 'ஏழு கறி' என்று ஒரு சாப்பாடு, பூசணி, மாங்காய், கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து. வாழை இலை இல்லை, அகலமான அல்லி இலையில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பழங்குடியினரின் 'பெப்பர்பாட்' என்கிற இறைச்சிக் குழம்பு இல்லாமல் அங்கே யார் வீட்டிலும் கிறிஸ்துமஸ் இல்லையாம். எண்ணெய் பரோட்டாவை விட்டுக்கொடுக்காத விருதுநகர்க்காரனான எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று சொல்கிறேன். என் சித்தப்பா மகள், எனக்கு அக்கா, சிவகாசியிலிருந்து சென்னைக்குக் காலேஜ் படிக்கப் போனாள். ஹாஸ்டலில் முதல் நாளே, "சிவகாசியா? உங்க ஊர்ல தினமும் வெடிக்குமாமே?" அடுத்த நாள், "நீ சின்ன வயசுல வெடி ஆபீஸுக்குப் போனியா?" மூன்றாவது நாள், "உங்க வீட்டுக்குள்ள வந்தா தீப்பெட்டி உரசலாமா?" அவள் அழுதுவிட்டாள். பிறகு ஒருத்தியின் கையிலிருந்த டைரியைத் திருப்பி, பின் அட்டையில் அச்சகத்தின் பெயரைக் காட்டினாள். சிவகாசி! அந்தப் பெண் ஒரு வருடமாக அதில்தான் எழுதிக்கொண்டிருந்தாளாம்.

வெடி விபத்து நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. எங்க தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டைத் தாண்டும்போது தீபாவளிக்குக்கூடச் சத்தமாக வெடி போட மாட்டோம். ஆனால் விபத்து நடந்த நாளில் மட்டும் டிவியில் வருகிற ஊர் என்றால், அந்த வீட்டுக்காரர்களுக்கும் அது ஆறுதல் இல்லை, மீதி நாளெல்லாம் மருந்து பிசைந்தும் லேபிள் ஒட்டியும் பிழைக்கிறவர்களுக்கும் அது நியாயம் இல்லை.

கயானாவுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. 1978 நவம்பர் 18இல் ஜோன்ஸ்டவுன் என்ற இடத்தில் 900க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து காட்டுக்குள் குடியேறிய ஒரு கூட்டம், அமெரிக்கத் தலைவர், அமெரிக்க ஜனங்கள். கயானாக்காரர்களுக்கு அதில் பங்கு இல்லை. இருந்தாலும் வெளிநாட்டில் கயானா என்றாலே ரொம்ப நாள் வரைக்கும் அதைத்தான் கேட்டார்கள். நம்ம விபத்து நம்ம ஊரில் நம்ம தொழிலில் நடப்பது, அது நம்ம பொறுப்பு. அவர்களுடையது யாரோ கொண்டுவந்து போட்டது. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். கேட்கப்படுகிறவரின் முகம் மட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது வேறு கேள்வி வந்திருக்கிறதாம். 2015இல் அங்கே கடலுக்கடியில் பெட்ரோல் கண்டுபிடித்தார்கள். 2019 டிசம்பரிலிருந்து எடுக்கிறார்கள். எங்க மாமா ஒருத்தர், "அங்க வேலை கிடைக்குமாடா?" என்று கேட்டார். கயானா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகப் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலை ஒரு கோப்பை.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வீராசாமி பெருமாளைப் பார்த்தால் தமிழ் தெரியுமா என்று கேட்க மாட்டேன். "அண்ணே, உங்க ஊர்க் கோயில்ல தப்பு எப்படி அடிப்பாங்க? எங்க ஊர் மாதிரி மெதுவா ஆரம்பிச்சு ஏத்துவாங்களா, இல்ல எடுத்த எடுப்பிலேயே வேகமா?" என்று கேட்பேன். அவர் மேஜையில் தட்டிக் காட்டினால் போதும், மொழி தேவையில்லை.

கேப்டன் பதவியை என் நண்பனிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த போட்டி ராஜபாளையத்தில்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்