கடல் கடந்தும் மறவாத ஆட்டம்

பிறந்த மண்ணை விட்டு வந்தவன் எதை மறந்தாலும் இரண்டை மறப்பதில்லை. ஒன்று, தாய் கையால் உண்ட சோறு. மற்றொன்று, சிறு வயதில் ஆடிய ஆட்டம்.

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிநாட்டார் பலர் தங்கியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நம்மவரைப் போலவே வெறுங்காலுடன் சுற்றி வருவோரும் அவர்களில் உண்டு. அவர்களுள் ஒருவர் அயர்லாந்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் மனம் தியானத்தில் நிற்பது சிரமந்தான்! அன்று டப்ளின் நகரில் 'ஹர்லிங்' இறுதி ஆட்டம். அங்கே பிற்பகல் மூன்றரை மணி என்றால் இங்கே இரவு 8 மணி. உடல் அருணை மலையடியில். உள்ளம் 82,000 பேர் கொள்ளும் க்ரோக் பார்க் மைதானத்தில்!

ஹர்லிங் ஹாக்கியைப் போன்றது. ஆனால் அதைவிட வேகமானது. பக்கத்துக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த அகன்ற மட்டையால் சிறு தோல் பந்தை அடிக்கிறார்கள். பந்து தரையிலும் ஓடும், தலைக்கு மேலும் பறக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி.

2025 ஜூலை 20ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில், இடைவேளையின்போது கார்க் அணி 6 புள்ளி முன்னே நின்றது. முடிவில் டிப்பரரி அணி 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றது! இப்படி ஓர் ஆட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குத் தூக்கம் வருமா?

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆடுவோர் எவருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, தச்சர் என்று தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் பிறந்த வட்டாரத்துக்காகவே ஆடுகிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்நிய ஆட்டங்கள் பரவி, சொந்த ஆட்டம் மங்கியபோது, 1884ஆம் ஆண்டு தர்லஸ் என்ற ஊரில் மைக்கேல் க்யூசாக் முதலிய சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். விதிகள் வகுத்தார்கள். ஊருக்கு ஊர் கிளை கண்டார்கள். அந்த அஸ்திவாரத்தின் மீதுதான் இன்றைய ரசிகன் நிற்கிறான்.

நம் கதை என்ன? ஜல்லிக்கட்டுக்கு 2014இல் தடை வந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டார்கள். கடல் கடந்த தமிழர்களும் பல நாடுகளில் கூடிக் குரல் கொடுத்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. மகிழ்ச்சி!

ஆனால் நேயர்களே, கிட்டிப்புள்ளுக்கு யார் தடை போட்டார்கள்? ஒருவரும் இல்லை. ஆயினும் அதை ஆடும் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறது. சடுகுடுவைப் பாருங்கள். விதியும் சங்கமும் கண்டு, கபடி என்ற பெயரில் 1990இல் பீக்கிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம் பிடித்தது. பேணியது வாழ்ந்தது, பேணாதது தேய்ந்தது. தடையை எதிர்க்கத் தெரிந்த நமக்கு, மறதியை எதிர்க்கத் தெரிய வேண்டாமா?

சிங்கப்பூரிலும் துபாயிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் என்றால் மனமுவந்து பணம் அனுப்புகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கு ஊர் மைதானத்துக்கும் வரட்டும். பொங்கல் தோறும் குறித்த நாளில் ஊருக்கு ஊர் போட்டி நடக்கட்டும். பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தயார் செய்யட்டும். ஊராட்சி, ஆடுகளத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கட்டும்.

"அப்பா, நம்ம ஊர் ஜெயித்ததா?" என்று கடலுக்கு அப்பாலிருந்து ஒரு மகன் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு ஊரில் ஓர் ஆட்டம் நடந்தாக வேண்டும் அல்லவா?