ஏ.சி. விசிறியின் கிரீச்சொலி

சம்பா அறுவடைக் காலத்தில் சேத்தியாத்தோப்புக் குறுக்குரோட்டில் சற்று நேரம் நின்று பாருங்கள். விருத்தாசலம், புவனகிரி, வடலூர், காட்டுமன்னார்கோவில் என நாற்புறமிருந்தும் வைக்கோல் வண்டிகளும் கரும்பு லாரிகளும் வந்து கடக்கின்றன. அவை கிளப்பிவிடும் தூசும் உமியும் உங்கள் காரையும் விட்டுவைப்பதில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரத்தின் வழியே அவை உள்ளே இறங்குகின்றன. புதிய கார்களில் அவ்விடத்திற்கும் விசிறிக்கும் இடையே ஒரு வடிகட்டி இருக்கும். பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. புளியமரத்தடியில் நிறுத்தினால் அதன் நுண்ணிலைகள் நேரே விசிறிக் கூண்டுக்குள் போய்ச் சேரும்.

பழைய கார் என்றதும் நம் வீடுகளில் பலருக்கும் மாருதி 800 நினைவுக்கு வரும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த அச்சிறு வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோயிற்று. ஆயினும் கொட்டகைகளில் அது இன்னும் வாழ்கிறது. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் இருக்க, கார் மட்டும் மாதக்கணக்கில் வீட்டில் நிற்பதுண்டு. ஒரு நிக்காஹுக்கோ மருத்துவமனைக்கோ புறப்படும் நாளில் ஏ.சி.யைப் போட்டால் டாஷ்போர்டுக்குள்ளிருந்து 'கிரீச், கிரீச்' என்று ஓர் ஒலி எழும். பட்டறைக்குக் கொண்டு சென்றால், "ஏ.சி. செட்டையே மாற்ற வேண்டும்" என்று ஒருவர் சொல்வார், "ஒன்றுமில்லை, அப்படியே ஓட்டுங்கள்" என்று மற்றொருவர் சொல்வார். இவ்விரண்டுமே பெரும்பாலும் தவறான ஆலோசனைகள்.

ஒலி எங்கிருந்து எழுகிறது என்பதை முதலில் வீட்டு வாசலிலேயே கண்டறிந்து விடலாம். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, விசிறியைப் போடுங்கள். அப்போதும் கிரீச்சொலி கேட்டால் குற்றம் விசிறியில்தான். எஞ்சின் ஓடும்போது மட்டும் கேட்குமானால் கம்பிரஸரை இழுக்கும் பெல்ட்டையோ அதன் பேரிங்கையோ பார்க்க வேண்டும். அது வேறு வேலை, அதைப் பட்டறையில் விட்டுவிடலாம்.

விசிறிதான் என்று தெரிந்தபின் அதன் வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டிக் காது கொடுங்கள். 'டக் டக்' என்று தட்டும் ஒலி வேகத்தோடு விரைந்தால் இலையோ சருகோ இறகில் உரசுகிறது. காலைக் குளிரில் கிரீச்சிட்டுச் சற்று நேரத்தில் அடங்கினாலும், குறைந்த வேகத்தில் கத்தி உயர்ந்த வேகத்தில் ஓய்ந்தாலும், வளைவில் திரும்பும்போது மட்டும் கேட்டாலும் மோட்டாரின் புஷ் வறண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இந்தப் புஷ் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மோட்டாரின் அச்சு சுழல்வதற்கு அதன் இரு முனைகளிலும் தாங்கிகள் வேண்டும். விசிறி மோட்டார்கள் பலவற்றில் குண்டு பேரிங்கிற்குப் பதிலாக வெண்கலத் தூளை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்த வளையங்களை வைக்கிறார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மண்ணுக்குப் பதில் இங்கே உலோகத் தூள், அவ்வளவே. மெருகு பூசாத மண்பானை தண்ணீரைத் தன் நுண்துளைகளில் ஏந்திக் கசியவிடுவது போல, இவ்வளையம் தன் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயை ஏந்தியிருக்கும். அச்சு சுழன்று சூடேறும்போது எண்ணெய் கசிந்து வரும். நின்றதும் மீண்டும் உறிஞ்சப்படும். ஆண்டுகள் பல கடந்து எண்ணெய் தீர்ந்து, தூசும் சேர்ந்துவிட்டால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது. அதுவே நீங்கள் கேட்கும் கிரீச்சொலி. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் அச்சில் துருவும் ஏறியிருக்கக்கூடும்.

அப்படியே ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். இறுகிய மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும், பிளக் உருகும். வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், விசிறியின் காற்றினாலேயே குளிரும்படி வைக்கப்பட்டது. காற்று குறைந்தால் அது கருகிப்போய், உச்ச வேகம் ஒன்று மட்டுமே வேலை செய்யும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸைப் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. வண்டிக்குள் தீயை வளர்க்க இதைவிட எளிய வழியில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில், இரவு நேரத்தில், ஐந்து பேர் அமர்ந்த காரின் கண்ணாடி மூச்சுக்காற்றின் ஈரத்தால் உட்புறம் மூடிக்கொள்கிறது. ஏ.சி. அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ள, உலர்ந்த காற்றைக் கண்ணாடியின்மேல் வீசிப் பார்வையைத் திறந்து தருவது இந்த விசிறிதான். மணிமுத்தாற்றுப் பாலத்திலோ வீராணம் ஏரிக்கரையிலோ எதிரே லாரி வரும் நேரத்தில் அது நின்றுபோனால், ஓட்டுபவர் ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டிவரும். குளிர்ச்சி இல்லாமல் பயணம் செய்யலாம். பார்வையின்றி எப்படிச் செய்வது? (1940-ஆம் ஆண்டின் பேக்கார்டு கார்தான் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தி விற்கப்பட்ட முதல் கார். அதில் கம்பிரஸரை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும். ஓட்டுபவரின் கைக்கு எட்டியது விசிறியின் சுவிட்சு ஒன்றுதான்!)

இனிச் சீர்செய்யும் முறை. நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் விசிறி இடப்புறம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அப்பக்கம் ஏர்பேக் உள்ள வண்டியானால் நீங்கள் தொட வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள். இல்லாவிட்டால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கிளவ் பாக்ஸையும் மோட்டாரின் பிளக்கையும் எடுங்கள். சில திருகாணிகளை நீக்கினால், பெரும்பாலான வண்டிகளில் மோட்டார் விசிறியோடு கீழே இறங்கிவிடும். நீண்ட நாள் நின்ற வண்டியில் எலிக்கூடு இருக்கக்கூடும் என்பதால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

விசிறியின் இறகிடுக்குகளை மெல்லிய தூரிகையால் துப்புரவு செய்யுங்கள். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது. இறகில் சிறு உலோகக் கிளிப் ஏதேனும் செருகியிருந்தால் குப்பையென்று பிடுங்கிவிடாதீர்கள்; விசிறி ஆட்டமின்றிச் சுழல்வதற்காக வைக்கப்பட்ட எடை அது. பிறகு அச்சைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெயால் பயனில்லை. ஆட்டமில்லையெனில், தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயில் ஒன்றிரண்டு துளிகளை அச்சு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் விட்டு, கையால் சுற்றி ஊற விடுங்கள். எட்டுமானால் மறுமுனைக்கும் அவ்வாறே. வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், கார்பன் பிரஷ்ஷில் எண்ணெய் பட்டால் மோட்டார் கெடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். துருவை இளக்கும் ஸ்பிரே ஒலியை உடனே அடக்கும். ஆனால் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடுவதால் சில நாட்களில் ஒலி திரும்பும்.

பட்டறையில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு கேள்வியை மறவாமல் கேளுங்கள்: "இதற்கு கேஸை இறக்க வேண்டுமா?" விசிறி மோட்டாரை மட்டும் கழற்றுவதற்குப் பெரும்பாலான கார்களில் ஏ.சி. கேஸ் குழாயைத் தொட வேண்டியதே இல்லை. வேண்டும் என்றால் ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள். குறிப்பாக, பழைய ஆர்-12 கேஸில் ஓடும் வண்டியானால் எச்சரிக்கை தேவை. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் அது விலக்கப்பட்டுவிட்டது. வீணாக இறக்கிவிட்டால் மறுபடி நிரப்புவது கடினம்.

புதிய மோட்டார் வாங்க நேர்ந்தால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, அச்சின் நீளத்தையும் பிளக்கையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பொருத்திய பின் ஒலி அடங்கியும் காற்று மட்டும் மந்தமாக வந்தால், இரு ஒயர்களும் இடம் மாறி விசிறி எதிர்த்திசையில் சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.