ரொட்டி எடுத்தவன் திருடன்! நகரத்தையே எடுத்தவன்?



ஊரில் வெள்ளம். கடைக்குள் கழுத்தளவு தண்ணீர். நீங்கள் பிள்ளைகுட்டிகளோடு எங்கோ ஒரு மேட்டில் ஒதுங்கி நிற்கிறீர்கள். ஷட்டரை நெம்பி யாரோ உள்ளே புகுந்து பிஸ்கட் பெட்டியையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிப் போகிறார்கள் என்று சேதி வருகிறது. உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "இவனுங்களைக் கண்டதும் சுடணும்!" இதுதானே? இல்லை என்று சொல்லாதீர்கள். வியர்வை சிந்திச் சேர்த்த சரக்கு. வயிறு எரியத்தான் செய்யும்.

அந்த வயிற்றெரிச்சலைக் காட்டியே ஒரு மாநகரத்தை எப்படிச் சூறையாடினார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நடந்த இடம் ஏதோ ஏழை நாடு அல்ல. உலகத்துக்கே நீதி போதிக்கும் அமெரிக்கா. அதன் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ். காலம் 2005.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா சூறாவளி கரையைக் கடந்தது. இயற்கைச் சீற்றம் என்றார்கள். பாதிதான் உண்மை. நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பவை. அவற்றைக் காப்பதற்காக அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை வெள்ளத் தடுப்புச் சுவர்களைக் கட்டியிருந்தது. அந்தச் சுவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. 17ஆம் தெருக் கால்வாயின் சுவரோ, தண்ணீர் அதன் தலையைத் தொடும் முன்பே சரிந்தது! நகரின் 80 சதவீதம் மூழ்கியது. 2006ல் அந்தப் பொறியாளர் படையே தன் வடிவமைப்பில் கோளாறு இருந்ததை ஒப்புக்கொண்டது. வீடிழந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். 1928ஆம் ஆண்டின் வெள்ளத் தடுப்புச் சட்டப்படி அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று 2008ல் நீதிமன்றம் கைவிரித்தது. 2023ல் அமெரிக்கச் சூறாவளி மையம் திருத்தி வெளியிட்ட கணக்குப்படி, கத்ரீனாவில் இறந்தவர்கள் 1,392 பேர். இத்தனை உயிர்களுக்கும் பொறுப்பேற்றுச் சிறைக்குப் போன பொறியாளர் ஒருவர்கூட இல்லை.

சரி, அந்த நாட்களில் தொலைக்காட்சிகள் யாரைக் குற்றவாளி என்று காட்டின? கடையில் ரொட்டி எடுத்தவனை!

நகரை விட்டு வெளியேறுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். காரிருந்தவன் போனான். சொந்த வாகனம் இல்லாதவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். நகரில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். தண்ணீரில் விடப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் அவர்களே. சூப்பர்டோம் என்ற விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் பல்லாயிரம் பேர் அடைந்து கிடந்தார்கள். சோறில்லை. தண்ணீரில்லை. கழிப்பறை நிரம்பி வழிந்தது. பேருந்து வரும் வரும் என்று நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

பேருந்து வருவதற்கு முன் பொய் வந்தது. அரங்கத்துக்குள் குழந்தைகளைக் கற்பழிக்கிறார்கள், கொலை கொலையாக விழுகிறது, மீட்க வரும் ஹெலிகாப்டரையே சுடுகிறார்கள்! சொன்னது தெருவில் போகிறவனா? மேயர் ரே நாகின் தொலைக்காட்சியில் சொன்னார். போலீஸ் தலைமை அதிகாரி எட்டி காம்பஸ் சொன்னார். இருநூறு பிணங்கள் இருக்கும் என்று நம்பிக் குளிர்சாதன லாரியோடு போனது மீட்புக் குழு. கிடைத்தது எத்தனை? சூப்பர்டோமில் ஆறு உடல்கள். நான்கு இயற்கை மரணம், ஒன்று போதை மருந்து, ஒன்று தற்கொலை. மாநாட்டு மையத்தில் நான்கு உடல்கள். அவற்றில் கொலை என்று சந்தேகிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அந்த ஊரின் நாளிதழான டைம்ஸ்-பிகாயூன் செப்டம்பர் இறுதியில் இதை எழுதியது. மறுநாளே காம்பஸ் பதவியை விட்டுப் போனார்.

ஆனால் அதற்குள் பொய் தன் வேலையை முடித்துவிட்டது. ஆகஸ்ட் 31ஆம் தேதி இரவு மேயர் ஓர் உத்தரவு போட்டார். கூரைகளில் தத்தளிக்கும் மக்களை மீட்கும் பணியில் இருந்த 1,500 போலீசாரும் அதை விட்டுவிட்டுக் கடைகளைக் காக்கப் போக வேண்டும்! வியாபாரிகளே, நன்றாகக் கவனியுங்கள். உங்களைப் போன்றவர்களின் பெயரால் போடப்பட்ட உத்தரவு இது. கூரை மேல் ஒரு கிழவி. கடைக்குள் ஒரு டி.வி. பெட்டி. எதை முதலில் காப்பது என்ற கேள்விக்கு ஒரு மாநகராட்சி சொன்ன பதில் இது. ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவோ, வரும் படையினர் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருக்கிறது, சுட்டுக் கொல்லவும் தெரியும் என்று பெருமையோடு அறிவித்தார்.

சுட்டார்கள்.

பாலத்தின் மேல் நடந்தது

செப்டம்பர் 4. டான்சிகர் பாலத்தில் இரண்டு குடும்பத்தார் நடந்து போய்க் கொண்டிருந்தார்கள். யார் கையிலும் ஆயுதம் இல்லை. வாடகை லாரியில் வந்திறங்கிய போலீசார் சரமாரியாகச் சுட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் செத்தான். மூளை வளர்ச்சி குன்றிய 40 வயது மனிதர் ஓடும்போது முதுகில் சுடப்பட்டுச் செத்தார். நான்கு பேர் படுகாயம். செத்தவரின் அண்ணன் மீது, போலீசைச் சுட்டார் என்று பொய் வழக்கு! சாட்சியத்துக்கு எங்கிருந்தோ ஒரு துப்பாக்கியையும் கொண்டு வந்து வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு அல்ஜியர்ஸ் பகுதியில் 31 வயதுக் கறுப்பின மனிதர் ஒருவரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட, இன்னொரு போலீஸ்காரர் உடலைக் காரோடு கொளுத்தினார். கொளுத்தியவர் சிறைக்குப் போனார். சுட்டவர் 2013 மறுவிசாரணையில் விடுதலை! டான்சிகர் வழக்கில் 2011ல் வந்த தீர்ப்பு, அரசு வழக்கறிஞர்களின் முறைகேட்டால் 2013ல் ரத்தானது. 2016ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஐவருக்கு 3 முதல் 12 ஆண்டுகள் வரை தண்டனை. பதினோரு ஆண்டுகள் இழுத்து வந்த நீதி இது.

மூழ்கிய நகரில் முதன்முதலாக எழுந்து நின்றவற்றில் ஒன்று எது தெரியுமா? மருத்துவமனை அல்ல. சிறைச்சாலை! கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தைக் கம்பி வலை போட்டுச் சில நாட்களில் கூண்டாக்கிவிட்டார்கள். தண்ணீர் கொண்டுவர முடியாத அரசாங்கத்துக்குக் கம்பி கொண்டுவர முடிந்தது. அந்தக் கூண்டில் அடைபட்டவர்களில் சிரியாவில் பிறந்த முஸ்லிம் ஒருவரும் உண்டு. வீட்டுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரர். சிறு படகில் போய் அக்கம்பக்கத்தாருக்கு உதவியவர். தன் சொந்தக் கட்டடத்தில் இருந்தவரைக் கொள்ளைக்காரன் என்று பிடித்தார்கள். பயங்கரவாதி என்றும் சந்தேகித்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். (பிற்காலத்தில் அவர் மீது வேறு வழக்குகள் வந்தன. அது வேறு கதை. அதைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.) அவருக்கு ஒரு போன் செய்யக்கூட அனுமதியில்லை.

ஏழைக் கைதிகளின் நிலை இன்னும் கேவலம். அந்த ஊரில் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களின் சம்பளத்துக்குப் பெரும்பகுதிப் பணம் எங்கிருந்து வந்தது? போக்குவரத்து அபராதத்திலிருந்து! ஊரே காலி. வண்டியில்லை. அபராதமுமில்லை. வழக்கறிஞர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அற்பக் குற்றத்துக்குப் பிடிபட்டவன் வக்கீல் முகத்தைப் பார்க்காமல் மாதக்கணக்கில் கிடந்தான்.

"அப்படியானால் கொள்ளையே நடக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நடந்தது. டி.வி. தூக்கினார்கள், நகை தூக்கினார்கள், கடையிலிருந்த துப்பாக்கியையும் தூக்கினார்கள். ஒரு கார் விற்பனை நிலையத்திலிருந்து போலீசாரே புதுக் கார்களை ஓட்டிப் போனார்கள். இவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பசிக்கு எடுத்தவனும் பேராசையில் எடுத்தவனும் ஒன்றல்ல என்கிறேன். ஹிஜ்ரி 18ல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்கான தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். சட்டத்தில் அவர்களைவிடக் கண்டிப்பானவர் யார்? பதினான்கு நூற்றாண்டுக்கு முன் புரிந்த வித்தியாசம், சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாட்டுக்குப் புரியவில்லை!

துப்பாக்கியால் குற்றம் குறைந்ததா?

தண்ணீர் வடிந்தது. மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். கொலைகளும் திரும்பின. 2006 ஜூன் 17 அன்று சென்ட்ரல் சிட்டி பகுதியில் ஐந்து இளைஞர்கள் ஒரே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் இருபது வயதைத் தொடாதவர்கள். மேயர் மறுபடியும் படையைக் கூப்பிட்டார். தேசியக் காவல் படையினர் 300 பேர் வந்தார்கள். 2009 வரை தெருவில் நின்றார்கள். அவர்கள் நின்று கொண்டிருக்கும்போதே, 2007ல் அங்கு நடந்த கொலைகள் 209. பழைய மக்கள்தொகையில் முக்கால் பங்குகூடத் திரும்பாத ஊரில் 209 கொலை!

ஏன்? கொலைகாரனைப் பிடிப்பது துப்பாக்கியல்ல. சாட்சி பிடிக்கும். தடயம் பிடிக்கும். நீதிமன்றத்தின் அடித்தளத்தில் வைத்திருந்த தடயப் பொருட்கள் வெள்ளத்தில் ஊறிப் போயின. போலீசின் தடய ஆய்வுக்கூடம் அழிந்து போனது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் சிதறிக் கிடந்தார்கள். ஊரில் இருந்தவனுக்கோ போலீஸ் மீது நம்பிக்கையில்லை. பாலத்தில் சுட்டவனிடம் போய் யார் சாட்சி சொல்வது? 60 நாளில் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த வழியாக ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். வக்கீல் இல்லாத அப்பாவி உள்ளே. வழக்கு இல்லாத கொலைகாரன் வெளியே!

2007 ஜனவரியில் கறுப்பரும் வெள்ளையருமாக ஆயிரக்கணக்கான மக்கள் மாநகராட்சி மன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டில் சாதாரண மக்கள் நீதிமன்றத்தைக் கண்காணிக்க ஓர் அமைப்புத் தொடங்கினார்கள். தொண்டர்கள் கையில் மஞ்சள் எழுதுபலகையோடு தினமும் போய் உட்கார்ந்து, நீதிபதி எத்தனை மணிக்கு வந்தார், எந்த வழக்கு ஏன் வாய்தா போனது என்று குறித்தார்கள். இளைஞர்களே, உருட்டுக்கட்டையோடு தெருக்காவல் நிற்பதுதான் வீரம் என்று நினைக்கிறீர்களா? அல்ஜியர்ஸ் பாயிண்டில் வெள்ளையர் சிலர் அப்படித்தான் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். கறுப்பு முகத்தைக் கண்டால் சுட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2019ல் பத்தாண்டுச் சிறை கிடைத்தது.

இனி பெரிய கொள்ளைக்கு வருவோம். அது பகலில், கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நடந்தது.

வீடு கட்ட அரசு தந்த 'ரோட் ஹோம்' திட்டத்தில் ஒரு தந்திரம். வீட்டின் பழைய சந்தை விலை, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதையொட்டித்தான் உதவி. கறுப்பர் பகுதியில் வீட்டு விலை எப்போதும் குறைவு. ஆனால் செங்கலும் சிமெண்டும் கறுப்பனுக்கு ஒரு விலை, வெள்ளையனுக்கு ஒரு விலை என்றா விற்கிறது? ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி சேதம். ஏழைத் தெருவுக்கு மட்டும் குறைந்த பணம். 2008ல் வழக்குப் போட்டு, 2011ல்தான் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதற்குள் எத்தனை பேர் மனையை விட்டுப் போய்விட்டார்கள்! நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,500 வீடுகளை இடிக்க 2007 டிசம்பரில் மாநகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. பள்ளிக்கூட ஊழியர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் வேலை நீக்கம். கட்டுமானத் தொழிலாளிக்கு நியாயக் கூலி தர வேண்டும் என்ற சட்டத்தையே புயலடித்துப் பத்தே நாளில் ஜார்ஜ் புஷ் நிறுத்தி வைத்தார். எதிர்ப்பு கிளம்பி நவம்பரில்தான் திரும்ப வந்தது.

இந்தக் கொள்ளையில் நம் நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். கத்ரீனாவுக்குப் பின் ஆள் பஞ்சம் என்று சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் இறக்கியது. நிரந்தரக் குடியுரிமை என்று ஆசை காட்டி ஏஜெண்டுகள் தலைக்குப் பத்தாயிரம் டாலர், அதற்கும் மேல் கறந்தார்கள். அங்கே போனால் 24 பேருக்கு ஒரு கூண்டு வண்டி. அதற்கு மாதம் 1,050 டாலர் பிடித்தம்! வளைகுடாவுக்கு நிலத்தை விற்றுப் போன வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008ல் அவர்கள் வேலையைத் துறந்து வெளியேறினார்கள். 2015ல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது.

கண்டதும் சுடலாம் என்ற சூழ்நிலையை உண்டாக்கினாரே, அந்த மேயர் நாகின் என்ன ஆனார்? ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2014ல் 20 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு. பத்தாண்டுச் சிறை. நகரைக் கட்டுகிறேன் என்று தன் பிள்ளைகளின் கிரானைட் வியாபாரத்தைக் கட்டியவர் அவர்!

வியாபாரிகளே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காக்கப்பட்ட கடைகளில் சரக்கு வாங்க யார் வந்தார்கள்? லோயர் நைன்த் வார்டு என்ற கறுப்பர் பகுதியில் 2000ல் 14,000 பேர் வாழ்ந்தார்கள். 2010ல் மூவாயிரம் பேர்கூட இல்லை. மளிகைக் கடை என்று ஒன்றும் இல்லை. ஒரு பால் பாக்கெட்டுக்கு மூன்று பேருந்து மாற வேண்டிய நிலை. பெரிய கம்பெனி எதுவும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அந்த வார்டில் பிறந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் தம் சேமிப்பையெல்லாம் கொட்டி, இடிந்த கட்டடம் ஒன்றை வாங்கித் தம் கையாலேயே செப்பனிட்டு 2014ல் அங்கே மளிகைக் கடை திறந்தார். 2020ல் கொரோனா வந்து ஜனங்கள் வேலையிழந்தபோது அவர் கடன் நோட்டைத் திறந்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பெயர் அதில் ஏறியது.