எடுக்கக் குளித்தலும் காணக் குளித்தலும்

‘குளித்தல்’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். உடலை நீரால் தூய்மை செய்தலே அதன் பொருளென எண்ணியும் வருகின்றோம். நீரினுள் மூழ்குதல் என்னும் பொருளும் அச்சொற்கு உண்டு. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னுந் தொடர்களில் அப்பொருள் இன்றும் அழியாது நிற்கின்றது. கடலில் மூழ்குந் தொழிலாளனைக் ‘குளியாள்’ என்று தூத்துக்குடிக் கரையில் அழைப்பர். கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள நம் வேலூர் ஏரிகளிலும், தலையை நீரிலமிழ்த்தி மறைந்து சற்றுத் தள்ளி எழும் ஒரு சிறு பறவைக்கு ‘முக்குளிப்பான்’ என்னும் பெயர் வழங்குகின்றது. ஆகவே முக்குளித்தல் தமிழருக்குப் புதிய செயலன்று. அது புதிய நோக்கமொன்றை இக்காலத்திற் பெற்றுள்ளது. அந்நோக்கத்தைப் பற்றியும், அதனால் நமக்கு வந்துள்ள கடமையைப் பற்றியும் எனக்குத் தோன்றிய சிலவற்றை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

பண்டைக்காலத்தில் நம்மவர் எடுப்பதற்காகவே குளித்தனர். பாண்டியரின் கொற்கைத் துறையிற் கிடைத்த முத்து சங்கப் பாடல்களிற் பலகாற் போற்றப்படுகின்றது. கிறித்து பிறந்த பின் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னுங் கிரேக்கப் பயணநூலோ, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுப்பித்தனர் என்று கூறுகின்றது. அரசியரின் மார்பில் ஒளிவீசிய ஆரத்தின் பின்னே, மூச்சடக்கி இருளில் இறங்கிய ஏழையொருவன் இருந்தான் என்பதை இக்குறிப்பு நமக்கு உணர்த்துகின்றது. பிற்காலத்தில் இத்தொழிலை நடத்தியோருள் முதன்மையானவர் பரதவர். 1542-இல் தூய சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து ஊர்தோறும் நடந்து ஊழியம் புரிந்தது இம்மக்களிடையேயாம். காலிற் கல்லைக் கட்டி விரைந்திறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைப் பையிலிட்டுக் கயிற்றை அசைத்தால், படகிலிருப்போன் மேலே இழுத்துவிடுவான். சிப்பிகள் அருகியமையால் 1961-க்குப் பின் தூத்துக்குடியிற் பெருமுத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்குகுளித்தல் மட்டும் இன்றுவரை தொடர்கின்றது.

இனிக் காணக் குளித்தலைப் பற்றிச் சிறிது கூறுவேன். இதற்கு வேண்டுவன, கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு கண்ணாடியும், வாயிற் கவ்விக்கொள்ளும் ஒரு வளைந்த குழாயுமே. இக்குழாயை ஸ்நார்க்கல் என்பர். நீருக்குள் வெறுங்கண்ணை விழித்தால் யாவும் கலங்கித் தோன்றுவதேன்? ஒளியை வளைத்து உருவைத் தெளிவிப்பதிற் பெரும்பங்கு கண்ணின் முன்புறத் தோலுக்கு உரியது. காற்றிலிருந்து ஒளி புகும்போதன்றி அது தன் வேலையைச் செய்யமாட்டாது. கண்ணாடி கண்ணுக்கு முன்னே சிறிது காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதால், பார்வை தெளிகின்றது. ஆயினும் பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரியனவாகவும், நான்கிலொரு பங்கு அண்மையிலிருப்பனவாகவும் தோன்றும். குழாயை நீளமாக்கிக்கொண்டு ஆழத்திற் செல்லலாமே எனிற் செல்லலாகாது. மூன்றடிக்குக் கீழே நீரின் அழுத்தம் மார்பை நெருக்குதலால், மேலிருந்து மூச்சிழுத்தல் பெரும்பாடாகிவிடும். ஆதலின் இது கரையையடுத்த ஆழமற்ற நீரில், முகங்கவிழ்ந்து மிதந்து செய்யவேண்டிய செயல். பவளத்திட்டுக்கள் பலவும் ஓராள் ஈராள் ஆழத்திலேயே இருப்பதால் இத்துணையே போதும்.

வேலூர் மாணாக்கனுக்குக் கடலடியோடு என்ன தொடர்பு என்று நகைப்பாரும் உளர். நந்திமலையிற் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே செல்லும் நம் பாலாறு வயலூரருகே கடலையே சேர்கின்றது. நாம் ஆற்றில் விடுவதெல்லாம் கடலுக்குரியதே. மேலும், ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றங்கரையில் வளர்ந்த நம்மிற் பலர் நீந்தக் கற்றோமில்லை. நீரை அறியாதவரே நீரிடத்துப் பெரும்பிழை செய்கின்றனர். இதற்கு யானே சான்று.

சென்ற மார்ச்சுத் திங்களில் மண்டபத்துக்கு அருகிலுள்ள நண்பனொருவன் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே தீவுகளைச் சாராத வடகரையிலும், பாக்கு விரிகுடாவின் ஓரமாகப் பவளத்திட்டு உண்டு. கண்ணாடியும் குழாயும் அணிந்து, கழுத்தளவு நீரில் நண்பன் கையைப் பற்றிக்கொண்டு முகத்தை நீரிற் கவிழ்த்தேன். நீலமும் மஞ்சளுமாகச் சிறு மீன்கள் என் விரலிடை புகுந்து சென்றன. மூளையின் மடிப்புப் போன்ற பவளமொன்று, ஆயிரம் வாய் திறந்து மூடுவதுபோற் கிடந்தது. அந்நேரத்திற் குழாயினுள் நீர் புகவே அஞ்சிக் கால்களை ஊன்றினேன். ஊன்றிய இடம் அப்பவளமே. சற்றுத் தொலைவிற் பாசியெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் தலையை உயர்த்தி, “தம்பி, கல்லுன்னு நெனச்சா மிதிக்கிற? அது உசுரு தம்பி, எறங்கு” என்றார். அவர் குரலிற் சினத்தினும் வருத்தமே மிகுந்திருந்தது. பல நூல்களைப் பயின்ற யான் அறியாததொன்றை அவர் அறிந்திருந்தார்.

அவர் கூற்று முற்றும் உண்மை. பவளம் நுண்ணிய உயிர்களின் கூட்டு வாழ்க்கை. அவ்வுயிர்களின் உடலுக்குள் அவற்றினும் நுண்ணிய பாசியினங்கள் தங்கி, கதிரொளியால் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. கடல்நீர் அளவுக்கு மீறி வெம்மையுற்றாற் பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளிறிப் பசியால் மடியும். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் இத்தீங்கு பெரிதாக நேர்ந்தது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஓரங்குலமும் வளர்வதில்லை. யான் ஒரு கணத்தில் மிதித்தது, யான் பிறப்பதற்கு முன்னரே தோன்றியதாக இருத்தல் கூடும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமெனப் பல்லாண்டு பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டமையால், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்குமிடையே இருந்த இருபத்தொரு தீவுகளிற் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு நீரில் மூழ்கின. இவற்றைக் காக்கும் பொருட்டே 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பூங்கா அமைந்தபின், தீவுகளைச் சூழ்ந்த நீரிற் பாசியெடுத்தல் சட்டத்துக்கு மாறான செயலாயிற்று. தலைமுறை தலைமுறையாய் அத்தொழிலால் வாழ்ந்த இராமநாதபுரக் கரைப் பெண்டிர் வழக்குக்கும் தண்டத்துக்கும் அஞ்சும் நிலை வந்தது. விரல்களிலே துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, இடுப்பிற் பையைக் கட்டி, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்து என்றும் கஞ்சிப்பாசி என்றும் அவர்கள் பெயரிட்டழைக்கும் பாசிகளைக் கையாற் பறிப்பர். இத்தகைய பாசிகளிலிருந்தே ‘அகார்’ என்னும் பொருள் கிடைக்கின்றது. நம் இசுலாமிய நண்பர் இல்லங்களில் நோன்பு திறக்கும் வேளையில் நமக்கும் அன்போடு வழங்கும் ‘கடற்பாசி’ என்னும் இனிப்பு இதனாலாயது. 1880-களிற் காக்கு என்னும் செருமானிய அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், ஃபானி ஹெஸ்ஸெ என்னும் பெண்மணி தம் சமையலறை அறிவைக் கொண்டு கூறிய யோசனையாற் கிருமிகளை வளர்க்கும் தட்டிலும் இப்பொருள் இடம்பெற்றது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி இன்று உலகறிய வளர்ந்துள்ள நம்மூர் மருத்துவமனை முதலாக, எந்த மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திலும் அகார் இன்றியமையாத பொருளாகும். கடலடியில் மூழ்கும் பெண்ணின் உழைப்பு நோயாளியின் படுக்கையருகே வந்து சேரும் வகையை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

“எடுப்போரை விலக்குக, காண்போரை விடுக, கடல் பிழைக்கும்” என்று கூறுவோர் உளர். காண்போன் ஒன்றையும் கொண்டுபோவதில்லையாதலின் அவன் குற்றமற்றவன் என்பது அவர் கருத்து. இதனை யான் ஒப்புக்கொள்ளேன். கொண்டுபோகாத யானே பவளத்தை மிதித்தேன். கொண்டுபோகும் அம்மையாரே அதனைக் காத்தார். அவ்வம்மையாரின் தோழியர் தாமே கூடி விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளையும் நோக்குக. திங்களிற் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசியெடுத்தல். இரும்புக் கருவியாற் சுரண்டாது கையாற் பறித்தல். பாசி மீண்டும் தழைக்கும் பொருட்டுக் கோடையில் நாற்பத்தைந்து நாள் ஓய்வு கொடுத்தல். இவர்களுள் ஒருவராகிய சின்னப்பாலம் இலட்சுமி என்பார்க்கு 2015-இல் ‘சீகாலஜி’ என்னும் உலகப் பரிசு கிடைத்தது. வயிற்றுக்காக மூழ்குவோர், நாளைக்கும் கடல் வேண்டுமென்று இன்றைய கூலியிற் பாதியை விட்டுக்கொடுத்துள்ளனர். பொழுதுபோக்குக்காக மூழ்கும் நாம் எதனை விட்டுக்கொடுத்துள்ளோம்?

வேலூரார்க்கு இவ்வினா புதிதன்று. தொழிலா, நீரா என்னும் வழக்கு நம் வாயிலிலேயே நடந்தது. தோற்சாலைக் கழிவாற் பாலாறும் கிணறுகளும் கெட்டமை கண்டு, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1996 ஆகஸ்டு 28-இல், மாசுபடுத்துவோரே ஈடு செலுத்தல் வேண்டும், தீங்கு நேருமுன்னரே காத்தல் வேண்டும் என்னும் இருநெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகள் என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. தோற்சாலைக் கூலியால் அடுப்பெரியும் இல்லங்களிலிருந்து வந்தோர் நம் வகுப்பறைகளிற் பலர். அத்தொழிலைப் பழித்துரைக்க யான் துணியேன். ஆயின் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் ஆறு கெட்டுக்கொண்டிருந்தபோது அதனுள் முகத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர் எத்துணைப் பேர்? பார்த்திருந்தால் நீதிமன்றம் வரும்வரை பொறுத்திருக்கமாட்டோம். பாம்பன் பெண்டிர் நாள்தோறும் கடலடியைக் கண்டனர். ஆதலால் நீதிமன்றம் கூறுமுன்னரே தமக்குத் தாமே ஆணையிட்டுக்கொண்டனர்.

ஆகலின் காணக் குளித்தல் வேண்டாவென்பது என் கருத்தன்று; நம் இளைஞர் மிகுதியாகக் காணவேண்டும் என்பதே என் விருப்பம். அதற்குரிய தகுதியோடு காணல் வேண்டும். முதலாவது, நீந்தக் கற்றல். நம் சிற்றூர்க் கிணறுகளில் இடுப்பிற் சுரைக்குடுக்கையைக் கட்டிச் சிறுவரைப் பழக்கும் வழக்கம் அற்றுப்போகவிடலாகாது. கல்லூரியும் விளையாட்டுக்களுள் நீச்சலுக்கு ஓரிடந் தருதல் நன்று. மூழ்குமுன் பன்முறை விரைந்து மூச்சுவிடுதல் திறமையென்று கருதுவோர் உளர். அங்ஙனஞ் செய்தால் மூச்சு வேண்டுமென்னும் உணர்ச்சி பிந்திவிட, முன்னறிவிப்பின்றி மயக்கம் நேர்ந்து, நன்கு நீந்துவோரும் உயிரிழப்பர். தனியே மூழ்குதலும் தவறு. இரண்டாவது, எதனையும் மிதியாமையும் தொடாமையும் எடாமையும். காலூன்றாது மிதக்க அறியாதவன் பவளத்தின் மேற் செல்லல் ஆகாது. மூன்றாவதும் தலையாயதும், கரைவாழ் மக்களையே ஆசிரியராகக் கொள்ளுதல். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறையும் ஊராரும் இணைந்து வருவோர்க்குக் கடலைக் காட்டுகின்றனர். அம்முறை பாசியெடுக்கும் பெண்டிருக்கும் பரவுமாயின், பாசியெடாத நாட்களில் அவர்கள் நமக்கு வழிகாட்டிக் கூலி பெறுவர். கடலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மீன் வயிற்றிலிருந்து யோனா தீர்க்கன் செய்த மன்றாட்டில், ஆழத்திற் பாசி தலையிற் பின்னிக்கொண்ட செய்தி வருகின்றது. இறைவன் ஆணைக்கு ஓடி ஒளிந்தவன், கடலின் அடியிலேதான் தன் கடமையை உணர்ந்தான். யானும் கழுத்தளவு நீரில், ஒரு மூதாட்டியின் சொல்லால் ஒன்றை உணர்ந்தேன். அடுத்த விடுமுறைக்குள் நம்மூர்க் கிணறொன்றில் நீந்தக் கற்றுக்கொண்டு, மீண்டும் அக்கரைக்குச் சென்று, காலை ஊன்றாது அப்பவளத்தைக் காணவேண்டுமென்று உறுதி பூண்டுள்ளேன். என்னோடு கிணற்றில் இறங்க நம் மாணவ நண்பர் சிலரும் வருவாராயின் பெரிதும் மகிழ்வேன்.